தென்னந்தோப்புக்கு மினி டிராக்டர்: கையில் உள்ள பணத்துக்குள் வாங்குவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் வேரோடு சாய்ந்த தோப்புகள் பலவற்றில் மறுபடியும் தென்னையே வைக்கப்பட்டது. அந்தக் கன்றுகள் பாளை விட்டுக் காய்க்கத் தொடங்கிவிட்டாலும், மட்டைகள் இன்னும் ஆள் உயரத்துக்குத் தாழ்ந்தே கிடக்கின்றன. வாடகைக்கு வரும் 45 குதிரைத்திறன் டிராக்டர் இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு முறை போய்வந்தால் இருபுறமும் பச்சை மட்டைகள் முறிந்து தொங்குகின்றன, சொட்டுநீர்க் குழாய் நசுங்குகிறது, ஊடுபயிராக வாழை வைத்திருந்தால் ஓரக்கன்று ஒன்றிரண்டாவது போய்விடுகிறது. இந்தத் தொல்லையைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் பக்கத்தில் மூன்று முதல் ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர்கள் மினி டிராக்டர் விசாரிக்கத் தொடங்கினார்கள். விசாரிப்பவர்களில் பெரும்பாலோர் எடுத்த எடுப்பில் கேட்பது, எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் பணம் மிச்சமாகும் என்பது என் அனுபவம்.

வண்டிக்கு முன் வேலைக் கணக்கு

முதலில் ஒரு தாளில், தோப்பில் ஆண்டு முழுவதும் என்னென்ன வேலைக்கு டிராக்டர் தேவைப்படுகிறது என்று மணிக்கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். நான்கு அடி அகல ரோட்டவேட்டரை (மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பை) மணிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, மரத்தைச் சுற்றி வளைவதிலும் வரப்போரம் திரும்புவதிலும் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கழிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் சுமார் 60 சென்ட் முடியும். அதாவது ஏக்கருக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். ஐந்து ஏக்கரை ஆண்டுக்கு நான்கு முறை உழுதால் 33 மணி நேரம் ஆகிறது. அதே வேலையைப் பெரிய டிராக்டர் ஏக்கருக்கு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும் என்பதால், மணிக்கு 1,200 ரூபாய் வாடகை என்று கொண்டால்கூட ஆண்டுச் செலவு 24,000 ரூபாய்தான். மினி டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்குமாக ஐந்தரை லட்சம் ஆகும் என்றால், அந்தப் பணத்தை ஏழு சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டாலே ஆண்டுக்கு 38,500 ரூபாய் வந்துவிடும். உழவுக்காக மட்டும் டிராக்டர் வாங்குவது நஷ்டம் என்பதை இந்தக் கணக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது.

ஆனால் தோப்பில் உழவு மட்டுமா நடக்கிறது? நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டும் காயைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும். தொழு உரத்தை மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். விழுந்த மட்டைகளை அள்ள வேண்டும். ஊடுபயிருக்கு மருந்தடிக்க வேண்டும். மழை பெய்து ஈரம் சரியாக இருக்கும் இரண்டு நாளில் ஊரே டிராக்டரைத் தேடுவதால், வாடகை வண்டி நம் தோப்புக்கு வருவதற்குள் மண் இறுகிவிடுவதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் கூட்டி ஆண்டுக்கு 150 மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை இருந்தால் வாங்கலாம் என்பது நான் வைத்திருக்கும் அளவு. அதற்குக் குறைவாக இருந்தால், வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாக வாடகைக்கு எடுப்பது, அடுத்த தோப்புக்காரருடன் கூட்டாக வாங்குவது, 12 அல்லது 13 குதிரைத்திறன் பவர் டில்லரோடு நிறுத்திக்கொள்வது ஆகியவற்றில் ஒன்றை யோசிக்கலாம். கூட்டு என்றால் டீசல், டிரைவர், பழுது ஆகியவற்றை யார் எந்தக் கணக்கில் பார்ப்பது என்று வாங்கும் முன்பே எழுதிக்கொள்வது நட்புக்கும் நல்லது.

வேலைப் பட்டியல் முடிந்தவுடன் கருவிகளின் பட்டியலைப் போட வேண்டும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பவர்களை டிராக்டர் விஷயத்தில் நிறையவே பார்க்கலாம். நான்கு அடி ரோட்டவேட்டர் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஐந்து கொத்துக் கலப்பை அதில் நான்கில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஒன்றரை டன் டிரெய்லருக்கு மறுபடியும் ஒரு லட்சமாவது வேண்டும். கையில் ஐந்து லட்சம் இருக்கிறது என்றால், இந்த மூன்று கருவியும் போக, டிராக்டருக்கு அதில் இரண்டே முக்கால் லட்சம்தான் ஒதுக்க முடியும் என்பதை ஷோரூமுக்குள் நுழையும் முன்பே மனத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மட்டையை அரைத்துத் தோப்பிலேயே போட வேண்டும் என்ற எண்ணத்தில் மினி டிராக்டர் வாங்குகிறவர்கள் உண்டு. டிராக்டரில் மாட்டி ஓட்டும் மட்டை அரைக்கும் இயந்திரங்களில் பெரும்பாலானவை 35 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்காகவே செய்யப்பட்டவை. 20 குதிரைத்திறன் வண்டியில் அவற்றை மாட்டினால் இரண்டாவது மட்டையிலேயே எஞ்சின் திணறி நின்றுவிடும்.

எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு அகலம்

விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது வண்டியின் பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு என்பதால், நாம் பார்க்க வேண்டியது பி.டி.ஓ. திறனைத்தான், அது எஞ்சின் திறனில் 85 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 24 குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும் வண்டியில் பி.டி.ஓ.வுக்கு வருவது ஏறத்தாழ 20 என்று வைத்துக்கொண்டால், மணற்பாங்கான நிலத்தில் நான்கு அடி ரோட்டவேட்டரை அது சிரமமின்றி இழுக்கும். கெட்டிக் களியில் மூன்றரை அடியோடு நிறுத்திக்கொள்வது எஞ்சினுக்கு நல்லது. 15 குதிரைத்திறன் வண்டிக்கு மூன்று அடிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. தென்னையின் வேர் மேல்மண்ணிலேயே பரவுவதால் ஆழமாக உழ வேண்டிய தேவையும் தோப்பில் கிடையாது. நான்கு அங்குல ஆழம் போதும், மரத்தடி வட்டப்பாத்திக்குள் ரோட்டவேட்டரை இறக்கவே வேண்டாம்.

தென்னைக்கு இடைவெளி 25 அடி என்பதால் அகலம் ஒரு பொருட்டில்லை என்று தோன்றலாம். ஊடுபயிர் வந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. ஆறடிக்கு ஆறடி வைத்த வாழைக்குள் நுழைய, நான்கு அடி அகலத்துக்கு மேற்பட்ட வண்டி பயன்படாது. வாழை இலை விரிந்த பிறகு அதுவும் திணறும். பின்சக்கரத்தின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடியுமா, முடியும் என்றால் ஆகக் குறைந்த அகலம் எவ்வளவு என்பதை விற்பனையாளரிடம் கேட்பதோடு நில்லாமல், டேப்பை எடுத்து டயரின் வெளிவிளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை நாமே அளந்துகொள்ள வேண்டும். தாழ்ந்த மட்டைக்கு அடியில் போக வேண்டிய தோப்பு என்றால் புகைபோக்கி மேல்நோக்கி நிற்கிறதா, கீழ்ப்புறமாகப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் உயரத்துக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காத வண்டியே இளந்தோப்புக்கு ஏற்றது.

நான்கு சக்கர இழுவை வேண்டுமா என்பதில் ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடுகிறது. மேட்டு மணல் தோப்பில், கலப்பையும் டிரெய்லரும் மட்டும் இழுப்பவருக்கு இரண்டு சக்கர இழுவையே போதும். விலையிலும் பராமரிப்பிலும் மிச்சம். ஆனால் மினி டிராக்டரின் எடை குறைவு என்பதால் ஈர நிலத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழலும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் பாதி தோப்பும் பாதி நெல்லுமாக வைத்திருப்பவர், கரிசல் மண் வைத்திருப்பவர், காய் ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் சரிவில் ஏற வேண்டியவர் ஆகியோர் நான்கு சக்கர இழுவைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை.

பின்னால் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பையும் குனிந்து பார்க்க வேண்டும். பெரிய டிராக்டர்களில் இருப்பதைவிடச் சிறிய அளவான முதல் வகை இணைப்போ, அதிலும் குறுகலான வகையோதான் மினி வண்டிகளில் இருக்கும். இந்த இணைப்பில் கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று கைகள் உண்டு; முதல் வகையில் கருவியைக் கோக்கும் பின் (முளை) கீழ்க்கைகளில் 22 மில்லிமீட்டர் தடிமன், மேற்கையில் 19 மில்லிமீட்டர் தடிமன். வீட்டில் ஏற்கனவே கிடக்கும் ஒன்பது கொத்துக் கலப்பையை மாட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு அநேகமாகப் பலிக்காது. தூக்கும் திறன் இந்த வகை வண்டிகள் பலவற்றில் 750 கிலோ அளவில் சொல்லப்படுகிறது. அது கீழ்க்கையின் நுனியில் அளந்தது. கருவியின் எடை பின்னால் தள்ளிப்போகப் போக உண்மையில் தூக்கக்கூடியது குறைந்துகொண்டே வரும், முன்சக்கரமும் லேசாகத் தூக்கும்.

விளம்பரத் தாளை நம்பாமல் எண்களைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் இருக்கும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ.வில் உண்மையில் எவ்வளவு திறன் வந்தது, எவ்வளவு எடையைத் தூக்கியது, எவ்வளவு டீசல் குடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். நாம் கேட்கும் மாடலுக்கு அந்த அறிக்கை இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேட்டால், கேட்பவர் விவரம் தெரிந்தவர் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

புதிய வண்டி

சந்தையில் கிடைக்கும் வண்டிகளை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். ஒரு குடும்பம், மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற 15 குதிரைத்திறன் வண்டிகள். ஒற்றை சிலிண்டர், எளிய அமைப்பு, எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டக்கூடியவை, அதிர்வு கூடுதல். மற்றொன்று, மூன்று சிலிண்டர் எஞ்சினோடு நிமிடத்துக்கு 2,600 சுழற்சியில் ஓடும் குபோட்டா நியோஸ்டார் ஏ211என் போன்றவை. சத்தமும் அதிர்வும் குறைவு, நான்கு சக்கர இழுவை உண்டு, விலை கூடுதல். இவற்றுக்கு இடையில் இரண்டு சிலிண்டரோடு வரும் 24 குதிரைத்திறன் மஹிந்திரா ஜீவோ 245, ஓசூரில் டிராக்டர் தயாரிக்கும் வி.எஸ்.டி.யின் வண்டிகள், குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்து வரும் கேப்டன் வண்டிகள் எனப் பல உள்ளன. மூன்று லட்சத்தை ஒட்டித் தொடங்கி ஆறு லட்சத்தைத் தாண்டுவது வரை விலை நீள்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மினி வண்டிகள் அதற்குள் வரவில்லை என்பதால், இவற்றில் பழைய முறை டீசல் பம்பே தொடர்ந்தது. கணினியை மாட்டிப் பழுது பார்க்க வேண்டிய அவசியமில்லாதது சிறு விவசாயிக்குச் சாதகம்தான்.

இத்தனையிலும் எது என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: எந்த வண்டியின் கிளட்ச் தட்டும் எண்ணெய் வடிகட்டியும் உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் ஏறிப் போய் அன்றைக்கே வாங்கிவரும் தூரத்தில் கிடைக்கிறதோ, அந்த வண்டி. இதைச் சோதிப்பது எளிது. ஷோரூமுக்குப் போவதற்கு முந்தைய நாள் உதிரிப்பாகக் கடைக்குப் போய், அந்த மாடலின் எண்ணெய் வடிகட்டி, மின்விசிறி பெல்ட், கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் பம்பின் சீல் ஆகிய நான்கும் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். "சொன்னா வரவழைச்சுத் தரேன் சார்" என்ற பதில் நான்கில் மூன்றுக்கு வந்தால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடலாம். உழவுப் பருவத்தில் பத்து நாள் நிற்கும் வண்டி, விலையில் கிடைத்த முப்பதாயிரம் தள்ளுபடியை ஒரே வீச்சில் தின்றுவிடும்.

விலை பேசும்போது ஷோரூம் விலையைக் கேட்காமல், பதிவு, காப்பீடு, முன் பம்பர், கொக்கி, மேற்கை, கூரை எல்லாம் சேர்த்து வண்டி வீட்டு வாசலுக்கு வர மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நான்கு லட்சம் அடிப்படை விலையுள்ள வண்டியில் இதன் வித்தியாசம் 28,000 ரூபாய். டிராக்டர் டயர், உதிரிப்பாகங்கள் மீதான வரியும் அப்போது 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தது. எனவே பழைய விலைப்பட்டியலை நீட்டினால் அதன் தேதியைப் பார்ப்பது அவசியம். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகும் என்பதால், ஜனவரியில் வாங்குகிறவர் போன ஆண்டுத் தயாரிப்பைப் புதிய ஆண்டு விலைக்கு எடுத்துவிடக் கூடாது. விற்கும்போது அந்த ஓராண்டு கழித்துத்தான் விலை கேட்பார்கள். வண்டியை நம் தோப்புக்கே கொண்டுவந்து, நாம் வாங்க நினைக்கும் அதே அளவு ரோட்டவேட்டரை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரு மணி நேரமும் நாமே இருக்கையில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

மானியம் எதிர்பார்ப்பவர்கள் வரிசையை மாற்றக் கூடாது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், குதிரைத்திறனுக்கேற்ற உச்சவரம்போடு மானியம் உண்டு. உச்சவரம்பு இருப்பதால் பாதி விலைக்கு வண்டி வந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். முதலில் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு, பட்டியலில் உள்ள மாடலையே வாங்க வேண்டும். அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டுப் பில்லோடு போய் நின்றால் பணம் வராது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து ஏக்கருக்குள் இருப்பவர் சிறு விவசாயி, இரண்டரை ஏக்கருக்குள் இருப்பவர் குறு விவசாயி.

கடன் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, வட்டி எத்தனை சதவீதம் என்பது மட்டுமன்று; எதன் மேல் வட்டி என்பதுதான். நான்கு லட்சத்தை ஐந்தாண்டுக்குப் பத்து சதவீத நிலையான வட்டியில் எடுத்தால், அசல் குறைந்தாலும் வட்டி குறையாமல், மொத்த வட்டி இரண்டு லட்சமாகி மாதத் தவணை 10,000 ரூபாய் வரும். அதே பத்து சதவீதம் குறையும் நிலுவை மேல் என்றால் தவணை சுமார் 8,500, மொத்த வட்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். முதலாவது முறையில் சொல்லப்படும் பத்து சதவீதம் உண்மையில் 17 சதவீதத்துக்குச் சற்று மேல். அறுவடைக்கேற்ப மூன்று மாதமோ ஆறு மாதமோ தவணை கட்ட அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய வண்டி

குறைந்த முதலீடு என்றால் கடைசியில் பேச்சு பழைய வண்டிக்குத்தான் வந்து நிற்கும். அதில் தவறும் இல்லை. ஆனால் பழைய மினி டிராக்டரைப் பார்க்கப் போகும்போது, அது இதுவரை என்ன வேலை செய்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். டெல்டாவில் நெல்லுக்குச் சேற்றுழவு அடித்த வண்டியில் சேற்றுநீர் அச்சின் சீல்களைத் தாண்டி உள்ளே போயிருக்கும்; செங்கல், மணல் ஏற்றிய வண்டியில் கிளட்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும்; தோப்பிலோ தோட்டத்திலோ புழுதியில் மட்டும் ஓடிய வண்டிதான் நாம் தேடுவது. கொட்டகையில் கிடக்கும் கேஜ் வீலை, அதாவது சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப் போன ஒரு வண்டியில் ஹவர் மீட்டர் 900 மணி காட்டியது. பெயின்ட் புதிது, இருக்கை உறை புதிது. உடன் வந்த மெக்கானிக் மீட்டர் பக்கமே திரும்பவில்லை. "மீட்டரைப் பாக்காதீங்க தம்பி, பெடலைப் பாருங்க" என்றார். கிளட்ச் பெடலின் வரிகள் முழுவதும் தேய்ந்து, இடது ஓரத்தில் இரும்பு கண்ணாடிபோல் பளபளத்தது. கியர் கம்பியின் குமிழில் எண்கள் அழிந்திருந்தன. மேற்கையின் பின் நுழையும் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. 900 மணியில் இவ்வளவு தேய்மானம் வராது. மீட்டரை மாற்றுவது எளிது, பெடலையும் துளையையும் மாற்ற யாருக்கும் தோன்றுவதில்லை.

போன உடனே எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். வேறொரு நாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் குளிர்ந்த எஞ்சின் எப்படிப் புறப்படுகிறது என்பதில்தான் அதன் உடம்பு தெரியும். புறப்பட்டவுடன் சற்று வெண்புகை வந்து மறைவது இயல்பு. சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்தால் எண்ணெய் எரிகிறது. சுமையில்லாமலே கரும்புகை கக்கினால் டீசல் பம்போ டீசலைத் தெளிக்கும் நாசிலோ காற்று வடிகட்டியோ சரியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று விட்டுவிட்டு அடித்தால் பிஸ்டன் வளையங்கள் போய்விட்டன. அளவுக்கோலில் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தாலோ மேற்கொண்டு எதையும் பார்க்காமல் திரும்பிவிடலாம்.

அடுத்து கிளட்ச். சமதரையில் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, உயர் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு வழுக்குகிறது. ஹைட்ராலிக்குக்கு, ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் அளக்க வேண்டும். கண்ணெதிரே இறங்கினால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் கையையோ காலையோ நீட்ட வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கும்போது பி.டி.ஓ. தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி அசைத்துப் பார்த்து, ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டி என்றால், உரிமையாளர் அனுமதியோடு முன்அச்சின் எண்ணெய் வடிகால் திருகைச் சற்றே தளர்த்தச் சொல்லுங்கள். முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் சேற்றுழவின் கதை அங்கே முடிகிறது. கடைசியாக அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிய பிறகு, வண்டி நின்ற இடத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து எங்கெங்கே எண்ணெய் சொட்டுகிறது என்று பார்த்தால் பேரம் பேசுவதற்கு வேண்டியது கிடைத்துவிடும். பின் டயர் தேய்ந்திருப்பதற்குப் பயப்பட வேண்டாம், அதன் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். கியர் தானாக நழுவும் வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

பழைய வண்டியில் இரும்பைவிடக் காகிதம் முக்கியம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். பெயின்ட் மறைத்திருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, கடன் அடைமானம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கடன் தீர்ந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரிடம் கையெழுத்து வாங்கி, உடனே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். ஆந்திரப் பதிவு, கர்நாடகப் பதிவு வண்டிகள் மலிவாக வருகின்றன. அவற்றுக்குப் படிவம் 28-இல் அந்த மாநிலத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் இங்கே எதுவும் நகராது. மானியத்தில் வாங்கிய வண்டி என்றால், அதை விற்க அனுமதி உண்டா என்பதைத் துறை அலுவலகத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

புதிய வண்டியை முதல் 50 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டாமல், முதல் சர்வீசில் எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டியையும் தவறாமல் மாற்ற வேண்டும். சக்கர நட்டுகளை முதல் நாள் வேலை முடிந்தவுடனேயே ஒரு முறை இறுக்கிவிட வேண்டும். காற்று வடிகட்டியைக் கோடையில் புழுதி உழவு நடக்கும்போது தினமும் பார்க்க வேண்டும். மினி எஞ்சின்கள் சீக்கிரம் கெடுவதற்கு நான் பார்த்தவரை பெரிய காரணம் அதுதான்.

ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உள்ள வண்டி இது. மட்கார்டில் ஆளை உட்காரவைத்து விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமிருக்கிறது. அகலம் குறைந்த வண்டி என்பதால் வரப்பில் ஒரு சக்கரம் ஏறினாலே சாயும். வரப்பைக் கோணலாகக் கடக்காமல், நேராக, கருவியைத் தாழ்த்திவைத்து, மெதுவாகக் கடக்க வேண்டும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலுகிறது, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனியோ வேட்டியின் கரையோ சேலை முந்தானையோ அதில் பட்டால், கை எட்டி எஞ்சினை அணைப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ரோட்டவேட்டரோடு வரும் பிளாஸ்டிக் உறையை, கிரீஸ் வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிடுபவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு. வண்டி கைக்கு வரும் அன்றே அந்த உறை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் கேட்டு வாங்கி மாட்டிய பிறகே தோப்புக்குள் இறக்குங்கள்.